பவுனம்மாளும் தார்ப்பீப்பாய்க் கள்ளியும்

தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பவுனம்மாள் வேலைக்குக் கிளம்புகிறாள். ஆட்காட்டி விரலை மடக்கி, முள்ளுக்கும் முள்ளுக்கும் நடுவே இடம் பார்த்து, விரல் முட்டியால் கள்ளி மடலில் இரண்டு தட்டு. காதைச் சாய்த்துக் கொஞ்சம் நிற்பாள். அடுத்த மடல், அதற்கடுத்தது. அடியில் மட்டும் நாலு தட்டு. எல்லாம் சரியாக இருந்தால் "ம்" என்று ஒரு சத்தம் வரும். பிறகு சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு நடப்பாள்.

அவள் புருஷன் சின்னையா, ரோட்டை நசுக்கிச் சமமாக்குகிற இஞ்சினுக்கு முன்னால் சிவப்புக் கொடி பிடித்து நடக்கிற வேலைக்காரர். படியில் உட்கார்ந்து பீடி குடித்தபடி தினமும் இதைப் பார்ப்பார்.

"கண்ணாலமாகிப் பதினாலு வருசம். எனக்குக் காச்ச வந்தப்போ ஒரு நாளாச்சும் இப்பிடித் தொட்டுப் பாத்திருப்பாளா, கேளுங்க!"

"மனுசனுக்கு எங்க வலிச்சாலும் வாயி இருக்கு, கத்தும். இதுக்கு யாரு இருக்கா?" என்பாள் பவுனம்மாள், திரும்பிப் பார்க்காமலே.

பிரிக்பீல்ட்ஸில் ஆற்றை ஒட்டி, ரோட்டு வேலைக்காரர்களுக்காகக் கட்டிய வீட்டுக்கொரு கதவாகப் பன்னிரண்டு கதவு வரிசையாக நிற்கும் லயம் ஒன்று இருக்கிறது. அதன் முதல் கதவு அவளுடையது. என் வீட்டுப் பின்சன்னல் அந்த வாசலைப் பார்த்துத் திறக்கிறது. நான் யாரிடமும் வலியப் போய்ப் பேசுகிறவள் அல்ல. ஆனால் சன்னல் திறந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டா இருக்க முடியும்?

ஐந்தடிக்கும் குறைவான உயரம். தோள் மட்டும் ஆண்பிள்ளைத் தோள். முழங்காலுக்குக் கீழே இறங்காத சேலை, மேலே சின்னையாவின் பழைய காக்கிச் சட்டை, தலையில் துண்டு, காலில் மோட்டார் டயரில் வெட்டிய செருப்பு. ரோட்டுக்குக் கருங்கல் உடைக்கிற வேலை. ரோட்டோரமாகக் கல்லைக் குவித்து, கோணிச் சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்தால், மத்தியானச் சங்கு ஊதும் வரைக்கும் சுத்தியல் நிற்காது. உடைத்த சல்லி சரியான அளவா என்று ஓவர்சியர் இரும்பு வளையத்துக்குள் விட்டுப் பார்ப்பார். பவுனம்மாளின் குவியலில் மட்டும் அவர் வளையத்தை எடுப்பதை விட்டு நாலு வருஷம் ஆகிறது. இதை அவள் வாயால் சொல்ல மாட்டாள். "எங்க குமியலைப் போயிப் பாருங்க" என்பாள், அவ்வளவுதான். பார்த்தால் தெரிந்துவிடும். பாசார்ச் சந்தையில் அளந்து கொட்டிய கொண்டைக்கடலை மாதிரி இருக்கும்.

கள்ளி வந்த கதை வேடிக்கையானது. இங்கே பெரிய வெள்ளம் வந்ததற்கு அடுத்த வருஷம் அவர்கள் ஊரிலிருந்து கப்பல் ஏறினார்கள். சின்னையாவுக்கு முழங்கால் வீக்கம். சுட்டு வைத்துக் கட்டுவதற்காக இரண்டு சப்பாத்திக்கள்ளி மடலை முள் சீவித் துணியில் சுற்றி மூட்டையில் வைத்திருந்தாள். ஒன்று கப்பலிலேயே தீர்ந்தது. மற்றது வீக்கம் வடிந்துவிட்டதால் லயத்தில் அடுப்புக்குப் பின்னால் கிடந்து மறந்து போனது. நாலு மாதம் கழித்துக் கூட்டும்போது அது துடைப்பத்தில் மாட்டிக்கொண்டு வந்தது. சுருங்கிக் கிழவி கன்னம் மாதிரி இருந்தது. ஆனால் ஓரத்தில் வெள்ளையாக ஒரு வேர்.

"மண்ணு இல்ல, தண்ணி இல்ல, வெளிச்சம் இல்ல. பாத்தா வேரு விட்டிருக்கா! அடியே, நீ லேசுப்பட்டவ இல்லடின்னு சொல்லித்தான் கையில எடுத்தேன்" என்றாள் என்னிடம்.

எடுத்தவள் எல்லாரும் செய்கிற தப்பைத்தான் செய்தாள். ஆற்றோரத்துக் கறுப்பு மண்ணில் மாட்டுச் சாணம் கலந்து நட்டு, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினாள். மடல் பத்து நாளில் பளபளவென்று பூரித்தது. பன்னிரண்டாம் நாள் வேகவைத்த கத்தரிக்காய் போலக் குழைந்து விழுந்தது. நுனியில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை மிச்சம் இருந்தது. அதை அறுத்து வைத்துக்கொண்டாள். அப்படியே மூன்று தடவை அழுகி, மூன்று தடவை மிச்சத்திலிருந்து தொடங்கினாள். நாள் தவறாமல் மத்தியானம் மூன்று மணிக்கு மழை கொட்டுகிற ஊரில் கள்ளி வளர்ப்பது எப்படி என்று சொல்லிக் கொடுக்க அவளுக்கு யாரும் இல்லை. அழுகியதுதான் சொல்லிக் கொடுத்தது.

கடைசியில் அவளுக்குக் கைகொடுத்தது அவள் தொழில்தான். கல்லைப் பற்றி அவளுக்குத் தெரியாதது இல்லை. ரோடு போடும்போது அடியில் பெரிய கல், மேலே சின்னக் கல், அதற்கும் மேலே பொடி என்று போட்டால்தான் தண்ணீர் நிற்காமல் ஓடும். கள்ளிக்கும் அப்படியே ஒரு ரோடு போட்டாள். பாதியாக வெட்டிய தார்ப்பீப்பாய். உளியால் அடித்த பதினாறு ஓட்டை. அடியில் சூளையில் கழித்துப் போட்ட உடைசெங்கல், மூடிய கை அளவு. அதன்மேல் கட்டைவிரல் அளவு. அதன்மேல் ரயில் இஞ்சின் அடுப்பிலிருந்து வாரிக் கொட்டுகிற கட்டிச் சாம்பல், சலித்தது. ஆற்று மணல். மண் ஒரே ஒரு கைப்பிடி.

"ருசிக்கு உப்புப் போடுற மாதிரிப் போட்டாப் போதும்" என்பாள்.

மேலே நாலு கம்பு நட்டுத் தகரம் போட்டாள். வெயில் காய்கிற மாதங்களில் இருபது நாளைக்கு ஒரு தரம், கொட்டாங்கச்சியில் பாதித் தண்ணீர். மற்ற நாளில் ஒரு சொட்டுக் கிடையாது. "தாகத்துல எதுவும் சாகாது தங்கச்சி. மூச்சு முட்டித்தான் சாகும்."

இந்த முறை கள்ளி நின்றது. இரண்டு மடல் நாலாகி, நாலு பத்தாகி, ஆள் இடுப்புக்கு வந்தது. வந்ததும் லயத்தில் முணுமுணுப்பு. வீட்டு வாசலில் கள்ளி நின்றால் குடி பாழ் என்றார்கள். பக்கத்துக் கதவு வள்ளியம்மாதான் வாய்விட்டுக் கேட்டவள்.

"ஏங்க்கா, ஊரு உலகத்துல ஒரு ரோசா இல்லையா, ஒரு கனகாம்பரம் இல்லையா? சுடுகாட்டுச் செடியைக் கொண்டாந்து வாசல்ல வச்சிருக்கியே?"

"ரோசாவை யாருதான் வளக்க மாட்டா" என்றாள் பவுனம்மாள்.

தெருக்கோடியில், ரயில்வே ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணியார் கார்த்திகேசு இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர். அவர் வீட்டில் முப்பது ரோஜாத் தொட்டி. செடிகளைப் பற்றிச் சீமையிலிருந்து வரவழைத்த தடித்த புத்தகம் ஒன்றும் வைத்திருக்கிறார். நாலாம் வகுப்போடு நின்றவள் நான். அந்தப் புத்தகத்தைக் கண்டாலே எனக்குப் பயம். ஒரு நாள் மாலை உலாவப் போகிறவர் பீப்பாய்க்கு முன்னால் நின்றார்.

"நாகதாளியெல்லே இது! உந்தச் செடியை என்னத்துக்கு இஞ்ச வளக்கிறாய்? வளரும், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் இந்த ஈரத்துக்கு ஒரு நாளும் காய்க்காது. பழம் பழுக்கவே பழுக்காது. புத்தகத்திலேயே கிடக்கு."

பவுனம்மாள் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டாள்: "புத்தகம் எழுதுன தொரை எங்க வீட்டு வாசலைப் பாத்துட்டா எழுதினாரு, ஐயா?"

கிராணியார் சிரித்துவிட்டுப் போனார். அவள் சிரிக்கவில்லை. அன்று முதல் அவளுக்கு அந்தப் பழம் ஒன்றுதான் குறி. மழை திரள்கிறபோதெல்லாம், கல் உடைக்கிற இடத்திலிருந்து லயம் இருக்கிற திக்கைத் திரும்பிப் பார்ப்பாளாம். "ஒத்தப் பழம் பழுத்தாப் போதும். அப்புறம் அது இருந்தாலும் சரி, போனாலும் சரி" என்று அவள் சின்னையாவிடம் சொன்னதை நானே கேட்டேன்.

ஆறாம் வருஷம், போன பங்குனியில், கள்ளி மொக்கு விட்டது. மேல் மடல்களின் விளிம்பில் வரிசையாக ஏழு. மஞ்சளாக, மெழுகுத்தாளில் செய்த மாதிரிப் பூ. லயமே வந்து பார்த்தது. பூ வாடி அடியில் பச்சைக் காய் திரண்டதும் அவள் நடையே மாறிவிட்டது. மார்பை முன்னால் தள்ளிக்கொண்டு, மெதுவாக, யாராவது கேட்கட்டும் என்று நடந்தாள்.

வைகாசியில் ரவாங் பாதையில் மண் சரிந்து ரோடு அடைபட்டது. அவள் கோஷ்டியைப் பன்னிரண்டு நாளைக்கு அங்கே அனுப்பினார்கள். சின்னையாவும் இஞ்சினோடு போக வேண்டியிருந்தது. போகிற அன்று காலையில் வள்ளியம்மாவைக் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"நீ ஒண்ணும் செய்ய வேணாம். பாத்துக்கக்கூட வேணாம். தண்ணி மட்டும் காட்டாத. யாரையும் ஊத்த விடாத."

"நான் எதுக்குக்கா கள்ளிக்குத் தண்ணி ஊத்தப் போறேன்? எனக்கு வேற வேலை இல்லையா?"

மூன்றாம் நாள் வள்ளியம்மாவின் ஆறு வயது மகள் லெட்சுமிக்கு அம்மை போட்டது. கதவில் வேப்பிலை ஏறியது. அடுத்து நாலாம் கதவில் ஒரு பிள்ளைக்கு. அம்மை இருக்கிற வீட்டில் தாளிக்கக் கூடாது, அறுக்கக் கூடாது, கத்தி அரிவாள் எடுக்கக் கூடாது. அந்த வாரம் லயத்தில் எல்லாருமே அப்படித்தான் இருந்தார்கள். அப்போது யாருக்குத் தோன்றியதோ தெரியாது. உடம்பெல்லாம் முள்ளும் உச்சியில் காயுமாக நிற்கிற கள்ளி, முத்துப் போட்ட ஆத்தாளாக அவர்கள் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. முதல் நாள் ஒருத்தி குங்குமம் வைத்தாள். மறுநாள் காலையில் ஆறு குடம் மஞ்சள் தண்ணீர். பிறகு தினமும், காலையும் மாலையும், தலைவழியாக. வீட்டு வாசலில் சுடுகாட்டுச் செடி என்றவர்களே கையைத் தலைக்குமேல் கூப்பி நின்றார்கள். சன்னலை விட்டு இறங்கிப் போய், ஊற்றாதீர்கள் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதற்காக இப்போதும் வெட்கப்படுகிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பவுனம்மாள் திரும்பினாள். மூட்டையை இறக்கவில்லை. வாசலில் நின்று பீப்பாயைப் பார்த்தாள். மஞ்சள் வழிந்து காய்ந்திருந்தது. குனிந்து அடியில் தட்டினாள். ஒரு தட்டுத்தான். சத்தமே வரவில்லை. விரலால் அழுத்தினாள், உள்ளே போயிற்று.

"வள்ளியம்மா!"

அவள் வேப்பிலைக் கொத்தோடு வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"ஒத்த வார்த்தைதானடி சொல்லிட்டுப் போனேன்?"

"நான் ஊத்தலக்கா. சத்தியமா ஒரு சொட்டு ஊத்தல."

"ஊத்துனவளைத் தடுத்தியா?"

"எப்பிடித் தடுப்பேன்? உள்ள எம்புள்ள கண்ணைத் தொறக்காமக் கெடக்கு. ஊத்தாதீங்கன்னு நான் வாயைத் தொறந்து, ராவோட ராவா அதுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா? நீயே சொல்லு."

பவுனம்மாள் வள்ளியம்மாவின் கதவுக்குள் எட்டிப் பார்த்தாள். வேப்பிலைப் படுக்கையில் லெட்சுமி புரண்டுகொண்டிருந்தாள். திரும்பி வந்து மறுபடி கள்ளியை அழுத்திப் பார்த்தாள். அழுகல் அடியிலிருந்து ஒரு சாண் ஏறியிருந்தது. மேல் மடல்கள் இன்னும் கெட்டி. ஏழு காயும் பச்சையாகவே நின்றன. இன்றைக்கே மேலே இருப்பதைப் பிரித்தால் பிழைக்கும். நாளைக்கு என்றால் இல்லை. அவள் உள்ளே போய்க் கத்தியை எடுத்து வந்தாள்.

லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் வாசலில் கூடிவிட்டார்கள்.

"பவுனு, ஆத்தா மேல கத்தி வைப்பியா?"

"புள்ளைகளுக்கு அம்மை எறங்கி இன்னும் மூணாந் தண்ணி ஊத்தல. திங்கக்கெழமை வரைக்கும் பொறுத்துக்கம்மா."

"திங்கக்கெழமை வரைக்கும் இது நிக்காது" என்றாள் பவுனம்மாள்.

வள்ளியம்மா அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். அழக்கூட இல்லை. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். சின்னையா ஒரு ஓரமாக நின்று, "விடு புள்ள, போனாப் போவுது, வேற வளத்துக்கலாம்" என்றார். பவுனம்மாள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் இன்னும் ஓரமாகப் போனார்.

அவள் குனிந்து, மடலும் மடலும் சேருகிற இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு கத்தியைக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தாள்.

"கத்தி அரிவாதானே ஆவாது?"

"ஆமாம்" என்றார்கள்.

"கை ஆவும்ல?"

கேட்டுக்கொண்டே பீப்பாய்க்கு முன்னால் குந்தினாள். முதலில் கையில் கோணியைச் சுற்றிக்கொண்டாள். இரண்டு தரம் நழுவியது. "மூட்டு எங்கன்னு கைக்குத் தெரிய மாட்டேங்குது" என்று கோணியை அவிழ்த்து எறிந்தாள். மடலும் மடலும் சேருகிற மூட்டைக் கட்டைவிரலால் தேடி, ஒரு கையால் கீழ் மடலைப் பிடித்து, மறுகையால் மேல் மடலைத் திருகினாள். மளுக்கென்று பிரிந்தது. பிரிந்த இடத்தைப் பார்த்தாள், வெள்ளை. சாம்பலில் தொட்டுச் சாக்கில் வைத்தாள். அடுத்தது. கல் உடைத்துக் காய்த்த கை என்றாலும் முள்ளுக்கு அது தெரியாது. அடிப்பக்கம் போகப் போக முள் நீளம். ஒரு முள் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஏறி மறுபக்கம் தெரிந்தது. அதைப் பல்லால் கடித்து இழுத்துத் துப்பிவிட்டு அடுத்த மடலுக்குப் போனாள். பத்தொன்பது மடல். காய் நின்ற மூன்று மடலைக் கடைசியில், இரண்டு கையிலும் பச்சைப் பிள்ளையை ஏந்துகிற மாதிரி ஏந்தி எடுத்தாள். ஒரு காய்கூட உதிரவில்லை. நான் சன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றேன்.

அழுகிய அடிமரம் குங்குமத்தோடு பீப்பாயில் மிஞ்சி நின்றது. ரத்தம் சொட்டுகிற கையால் அதைக் காட்டினாள்.

"இந்தாங்கடி. திங்கக்கெழமை வரைக்கும் எத்தினி குடம் வேணுமோ ஊத்துங்க. இது ஆத்தாளுக்கு." சாக்கை இடுப்பில் ஏற்றினாள். "இது எனக்கு."

ஊற்றினார்கள். திங்கட்கிழமை லெட்சுமிக்கும் நாலாம் கதவுப் பிள்ளைக்கும் மூன்றாம் தண்ணீர் ஊற்றினார்கள். பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்தார்கள். ஒன்று கேட்டதாம், "பசியாற என்ன இருக்கு?" என்று.

மடல்கள் பதினைந்து நாள் தாழ்வாரத்தில் கயிற்றில் தொங்கின. காயம் ஆறாமல் மண்ணைத் தொடக் கூடாது என்பது அவள் சட்டம். மடலைத் திருகிய மறுநாளே அவள் வேலைக்குப் போனாள். கை வீங்கி விரல் மடங்கவில்லை. சுத்தியலைத் துணியால் மணிக்கட்டோடு கட்டிக்கொண்டு உடைத்தாளாம். எட்டாம் நாள் என் பின்வாசலுக்கு வந்தாள். அதுவரை அவள் என் படி ஏறியதில்லை.

"ஒனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்னு தெரியும், தங்கச்சி. எப்பவும் சன்னல்லதானே இருக்க? இந்தப் பூமுள்ளை எடுத்து வுடு."

இரண்டு மாலை உட்கார்ந்து ஊசியால் எடுத்தேன். கண்ணுக்குத் தெரியாத பொன்னிற மயிர் முள், உள்ளங்கை நிறைய. "வலிக்குதாக்கா?" என்றேன்.

"வலிக்கத்தான் செய்யுது. லயத்துல யாருகிட்டயும் சொல்லிறாத."

இரண்டு பீப்பாயில் புதிதாக ரோடு போட்டு மடல்களை நட்டாள். காய்களில் நாலு வெம்பி விழுந்தன. மூன்று நின்றன. ஆடி பிறந்ததும் அடியிலிருந்து சிவக்கத் தொடங்கி, இரண்டாம் வெள்ளிக்குள் கத்தரிப்பூ நிறமும் ரத்த நிறமும் கலந்து மினுங்கின.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளே கிராணியார் வீட்டுக்கு ஆள் அனுப்பினாள். அவர் வெள்ளைக் கோட்டும் குடையுமாக வந்தார். பீப்பாய்க்கு முன்னால் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் குனிந்தார்.

"பழுத்துத்தான் கிடக்கு" என்றார். "என்னெண்டு செய்தனீ?"

"புத்தகத்துல எழுதிக்குங்க, ஐயா. நான் சொல்றேன்" என்றாள். லயம் முழுக்கச் சிரித்தது. கிராணியாரும் சிரித்தார்.

மூன்று பழத்தையும் சாம்பலில் புரட்டித் தேங்காய் நாரால் தேய்த்து முள் போக்கினாள். ஒன்றைப் பிளந்து லெட்சுமிக்குக் கொடுத்தாள். லெட்சுமி தின்றுவிட்டுச் சிவந்த நாக்கை ஒவ்வொரு கதவாகப் போய் நீட்டிக் காட்டினாள். அவள் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்த வள்ளியம்மா திரும்பி நின்று மூக்கைச் சிந்தினாள். ஒன்று கிராணியாருக்கு, இலையில் வைத்து. அவர் கோட்டில் படாமல் தின்னப் பார்த்தார், முடியவில்லை. மூன்றாவதைப் பவுனம்மாள் எடுத்துக்கொண்டு வெயிலில் வந்து நின்றாள். கையாலேயே பிட்டாள். சாறு விரலிடுக்கில் வழிந்து முழங்கைவரை ஓடியது. விதையோடு தின்றாள். அவசரப்படவில்லை. பன்னிரண்டு கதவும் பார்த்துக்கொண்டிருந்தன.

மறுநாள் ரோட்டு வேலைக்குப் பெரிய அதிகாரியான துரை லயத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. அதற்காக முந்தின நாள்தான் சுவர் முழுவதும் சுண்ணாம்பு அடித்து, கறை பட்டால் அபராதம் என்று ஓவர்சியர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

சின்னையா கைதுடைக்கத் தம் துண்டை நீட்டினார். அவள் அதை வாங்கவில்லை. ரோட்டில் வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற வெள்ளைச் சுவரிடம் போனாள். சாறு சொட்டுகிற, தழும்பு மறையாத வலது கையை, ஐந்து விரலும் விரித்து, அதன்மேல் அழுத்தி வைத்தாள்.